மூன்று கூட்டத்தொடர்கள்: ஜான் ஸ்டூவர்ட் மில்லின் நாடாளுமன்ற வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மில் எந்தத் தொகுதியிலிருந்து, எவ்வளவு காலம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்?

1865 ஜூலையில் நடந்த பொதுத்தேர்தலில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியிலிருந்து லிபரல் வேட்பாளராக பிரிட்டனின் காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1868 நவம்பரில் அதே தொகுதியில் தோற்றார். புதிய சபை 1866 பிப்ரவரியில்தான் பணியைத் தொடங்கியது என்பதால், அவர் அவையில் அமர்ந்து செயல்பட்டது மூன்று கூட்டத்தொடர்கள் மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் அவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை.

ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட சிந்தனையாளர் ஏன் 59 வயதில்தான் நாடாளுமன்றத்திற்கு வந்தார்?

அவர் பார்த்த உத்தியோகம்தான் காரணம். 1806 மே 20 அன்று பிறந்த மில், 17 வயதில், 1823ஆம் ஆண்டில், தந்தை ஜேம்ஸ் மில் பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கம்பெனியின் ஆட்சி அரசியின் கைக்கு மாறிய 1858 வரை அங்கேயே இருந்தார். இந்தியாவிற்கு ஒருமுறைகூட வராமல், இந்தியாவிற்கு அனுப்பப்படும் உத்தரவுக் கடிதங்களை வரைவதே அவருடைய வேலை. அந்தப் பதவியில் இருந்துகொண்டு உறுப்பினராக இருக்க இயலாது. 1850களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் மக்கள் இயக்கத் தலைவர்கள் ஒரு தொகுதியைத் தருவதாக முன்வந்தபோது, இதையே காரணமாகச் சொல்லி மறுத்துவிட்டார்.

ஓய்வு பெற்ற அதே 1858இல் மனைவி ஹாரியட் டெய்லர் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் இறந்தார். அவருடைய கல்லறைக்கு அருகிலேயே வீடு வாங்கிய மில், ஆண்டின் பாதியை அங்கே கழித்து வந்தார். நாடாளுமன்ற ஆசை எதுவும் இல்லாமல் எழுத்தே வாழ்க்கையாக இருந்தவரைத்தான் வெஸ்ட்மின்ஸ்டர் வாக்காளர்கள் சிலர் தேடி வந்தார்கள்.

வேட்பாளராக நிற்பதற்கு அவர் விதித்த நிபந்தனைகள் யாவை?

தம்மை அணுகியவர்களுக்கு அவர் எழுதிய பதிலே, வாக்குகளை விரட்டுவதற்காக எழுதப்பட்டதோ என்று எண்ண வைக்கும். உறுப்பினராக வேண்டும் என்ற விருப்பம் எனக்கு இல்லை. வேட்பாளர் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்பதும், தேர்தலுக்காகத் தம் கைப்பணத்தைச் செலவிடுவதும் தவறு என்று கருதுவதால் இரண்டையும் செய்ய மாட்டேன். வெற்றி பெற்றாலும் தொகுதியின் உள்ளூர் அலுவல்களுக்கு என் நேரத்தைத் தருவதாக உறுதியளிக்க முடியாது என்று அதில் தெரிவித்திருந்தார். வாக்குரிமை பற்றிக் கேட்கப்பட்டபோது, ஆண்களுக்குரிய அதே தகுதிகளின் அடிப்படையில் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்பதே தம் கருத்து என்றார். இங்கிலாந்தின் வாக்காளர்கள் முன் அத்தகைய கருத்து வைக்கப்பட்டது அதுவே முதல் முறையாக இருக்கும் என்று தன் வரலாற்றில் அவரே எழுதுகிறார்.

இப்படிப்பட்ட அறிக்கையோடு நின்றால் கடவுளே வந்தாலும் வெல்ல முடியாது என்று அக்கால எழுத்தாளர் ஒருவர் சொன்னாராம். உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது (அது 1911இல்தான் வந்தது), தேர்தலுக்குக் கைப்பணம் தண்ணீராகச் செலவாகும், வாக்குப்பதிவும் ரகசியமன்று என்றிருந்த காலம் அது. ஆகவே அந்த எழுத்தாளரின் கணிப்பில் நியாயம் இருந்தது.

தொழிலாளர்களைப் பொய்யர்கள் என்று எழுதியவருக்கு அந்தத் தொழிலாளர்களே கைதட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. வாக்குப்பதிவுக்கு முந்தைய சில நாட்களில் மட்டும், வாக்காளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காக மில் பொதுக்கூட்டங்களுக்கு வந்தார். தம் மத நம்பிக்கை தவிர வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் ஒளிவின்றிப் பதில் சொல்வதாக முன்பே அறிவித்திருந்தார். நாடாளுமன்றச் சீர்திருத்தம் பற்றி 1859இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில், ஆங்கிலேயத் தொழிலாளர்கள் பொய் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் என்ற அளவில் மற்ற சில நாட்டுத் தொழிலாளர்களிடமிருந்து வேறுபட்டாலும், பொதுவாகப் பொய் சொல்கிறவர்களே என்று அவர் எழுதியிருந்தார். எதிர்த்தரப்பினர் அந்த வரியைச் சுவரொட்டியாக அச்சடித்து, பெரும்பாலும் தொழிலாளர்களே கூடியிருந்த கூட்டம் ஒன்றில் அவர் கையில் கொடுத்து, இதை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார்கள்.

மில் ஒரு கணமும் தயங்காமல், நான்தான் எழுதினேன் என்றார். விளக்கமோ சமாதானமோ சேர்க்கவில்லை. அரங்கம் அதிரக் கைதட்டல் எழுந்தது. அடுத்து எழுந்து பேசிய தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் ஓட்ஜர், எங்கள் குறைகளை எங்களிடம் சொல்லாதே என்று தொழிலாளர்கள் கேட்கவில்லை, அவர்களுக்குத் தேவை நண்பர்களே தவிர முகத்துதி செய்வோர் அல்லர் என்றார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மில்லின் அரசியல் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இதுதான். மக்களுக்கு உண்மையைத் தாங்கும் வலு இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு பேசும் தலைவர்களையே பார்த்துப் பழகிய கண்களுக்கு, இந்தக் காட்சி பெரிய ஆறுதலைத் தருகிறது.

இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்தத் தொகுதியில் மற்றொரு லிபரல் வேட்பாளரான கிராஸ்வெனர் 4,534, மில் 4,525 வாக்குகள் பெற்று வென்றனர். கன்சர்வேட்டிவ் வேட்பாளரான டபிள்யூ. எச். ஸ்மித்துக்கு 3,824 வாக்குகள் கிடைத்தன. ரயில் நிலையப் புத்தகக் கடைகளால் பெயர் பெற்ற நிறுவனத்தின் அதிபர் அவர்.

அவையில் அவர் பேச்சு எடுபட்டதா?

தொடக்கத்தில் இல்லை. கால்நடைக் கொள்ளைநோய்க்கான இழப்பீடு, அயர்லாந்தில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைக்கும் சட்டம் ஆகியவற்றில் அவர் ஆற்றிய முதல் உரைகள் அவைக்கு ரசிக்கவில்லை. மெல்லிய குரல், மேடைத் தோரணை இல்லாத நடை. மில் தோற்றுவிட்டார் என்ற பேச்சு பரவியது. 1866 ஏப்ரலில், வாக்குரிமையை விரிவாக்குவதற்காக லிபரல் கட்சியின் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சீர்திருத்த மசோதாவை ஆதரித்து ஆற்றிய உரைக்குப் பிறகுதான் அவை அவருக்குக் காது கொடுத்தது.

அவைப்பணிக்கு அவர் தமக்கென ஒரு விதி வைத்திருந்தார். பிறர் செய்யக்கூடிய வேலையில் தலையிடுவதில்லை, பிறர் செய்ய வாய்ப்பில்லாத வேலையையே எடுத்துக்கொள்வது என்பதே அது. சொந்தக் கட்சியினரே கூச்சப்பட்டு ஒதுங்கிய விஷயங்கள் அவரிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் இந்த விதிதான். அவருடைய மூன்று ஆண்டுகளைத் தோல்விப் பட்டியலாக மட்டும் படிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கன்சர்வேட்டிவ் கட்சியை அவர் "முட்டாள் கட்சி" என்று சொன்னாரா?

கொள்கைவழியாகவே அது மிக மந்தமான கட்சியாக இருக்கும் என்ற பொருளில் 1861இல் ஒரு நூலில் எழுதியிருந்தார். அவையில் சர் ஜான் பாக்கிங்டன் அதை எடுத்துக் காட்டியபோது, கன்சர்வேட்டிவ்கள் பொதுவாக முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை, முட்டாள்கள் பொதுவாகக் கன்சர்வேட்டிவ்களாக இருக்கிறார்கள் என்றுதான் சொன்னேன் என்று பதிலளித்தார். அந்தக் கட்சிக்கு இந்தப் பட்டம் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டது.

1866இல் அவர் அளித்த பெண்கள் வாக்குரிமை மனுவின் பின்னணி என்ன?

தேர்தலின்போதே பார்பரா போடிசோன் என்ற சீர்திருத்தவாதி தம் தோழியருடன், மில்லுக்கு ஆதரவான சுவரொட்டிகள் ஒட்டிய வண்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் தெருக்களை வலம் வந்திருந்தார். சீர்திருத்த மசோதா வந்ததும் அதே குழுவினர், பெண்களின் கையெழுத்தோடு ஒரு மனு திரட்டினால் அவையில் அளிப்பீர்களா என்று மில்லிடம் கேட்டார்கள். நூறு பெயராவது இருக்க வேண்டும் என்றார் அவர். சில வாரங்களில் 1,499 பெண்கள் கையெழுத்திட்டார்கள். அறிவியல் எழுத்தாளர் மேரி சோமர்வில், ஹாரியட் மார்ட்டினோ, ஜோசஃபின் பட்லர் ஆகியோரின் பெயர்கள் அதில் உண்டு. மில்லின் வளர்ப்பு மகள் ஹெலன் டெய்லருக்கு இந்த முயற்சியில் பெரும் பங்கு இருந்தது.

1866 ஜூன் 7 அன்று எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும் அந்த மனுச் சுருளை எடுத்துக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திற்கு வந்தார்கள். முன்னவர் பின்னாளில் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியை நிறுவியவர். பின்னவர் அதற்கு முந்தைய ஆண்டில்தான் மருத்துவத் தொழில் புரியும் உரிமையைப் போராடிப் பெற்றிருந்தார். கையில் அவ்வளவு பெரிய சுருளோடு எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கக் கூச்சப்பட்டு, அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் அதைக் கொடுத்து வைக்க, அவர் தம் பலகைக்கு அடியில் மறைத்து வைத்தார். மில் வந்து மனு எங்கே என்று கேட்டபோது அதை அங்கிருந்துதான் இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. தாம் எதிர்பார்த்ததைவிடப் பதினைந்து மடங்கு பெயர்களைக் கண்ட மில், இதை அவையில் நன்றாக வீசிக் காட்டலாம் என்று மகிழ்ந்தாராம்.

மனு கேட்டது எளிய ஒன்றுதான்: ஓர் ஆணுக்கு வாக்குரிமை தருகிற அதே சொத்துத் தகுதி ஒரு பெண்ணுக்கு இருந்தால் அவருக்கும் வாக்குரிமை வேண்டும். அன்றைய சட்டப்படி மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் வசம் போய்விடும் என்பதால், நடைமுறையில் இது கணவனை இழந்தவர்களுக்கும் மணமாகாதவர்களுக்கும்தான் பயன்பட்டிருக்கும். அந்த அளவுக்குக் குறுகிய கோரிக்கையே அக்காலத்தவருக்கு விபரீதமாகத் தோன்றியது.

1867 மே 20 அன்று அவையில் என்ன நடந்தது?

இம்முறை கன்சர்வேட்டிவ் கட்சியின் டிஸ்ரேலி கொண்டுவந்த சீர்திருத்த மசோதா விவாதத்தில் இருந்தது. வாக்காளரைக் குறிக்கும் பிரிவில் "ஆண்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "நபர்" என்று வைக்க வேண்டும் என்பதே மில்லின் திருத்தம். அன்று அவருக்கு 61ஆவது பிறந்தநாள்.

அவர் உரையை இன்று படித்தாலும் அதன் நிதானம் வியக்க வைக்கிறது. வரி கட்டுகிறவருக்கு அந்த வரியைத் தீர்மானிப்பதில் பங்கு வேண்டும் என்பது பிரிட்டிஷ் அரசமைப்பின் பழைய கோட்பாடாயிற்றே, பெண் கட்டும் வரிக்கு அது ஏன் பொருந்தாது என்று தொடங்குகிறார். பெண்களுக்குத்தான் மறைமுகமாக ஏற்கெனவே ஏராளமான செல்வாக்கு இருக்கிறதே என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு, பொறுப்பில்லாத மறைமுகச் செல்வாக்கைவிடப் பொறுப்போடு கூடிய நேரடி அதிகாரமே நாட்டுக்கு நல்லது என்கிறார். ஆண்களே பெண்களின் நலனைக் காத்துவிடுவார்கள் என்ற வாதத்திற்கு வரும்போது குரல் மாறுகிறது. தங்கள் பாதுகாவலர்களான ஆண்களால் ஆண்டுதோறும் அடித்தும் உதைத்தும் மிதித்தும் கொல்லப்படுகிற பெண்களின் எண்ணிக்கையை இந்த அவையின் முன் வைக்கச் சொல்லிப் பார்க்க விரும்புகிறேன் என்றார்.

திருத்தத்திற்கு ஆதரவாக 73, எதிராக 196 வாக்குகள் பதிவாயின. கேலிக்கூத்தாக முடியும் என்று பலர் எண்ணியிருந்த ஒரு விஷயம் முழு விவாதமாக நடந்ததும், 73 பேர் ஆதரித்ததும் மில்லுக்கே வியப்பு. ஓர் உறுப்பினராகத் தாம் செய்த உண்மையிலேயே முக்கியமான பொதுச்சேவை ஒருவேளை இது ஒன்றுதான் என்று பின்னர் எழுதினார். அவர் சொன்னதை மறுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஹைட் பார்க் கலவரத்தில் அவருடைய பங்கு என்ன?

1866 ஜூலை 23 அன்று வாக்குரிமையை விரிவாக்கக் கோரிய சீர்திருத்தக் கழகத்தினர் லண்டனின் ஹைட் பார்க் பூங்காவில் கூட்டம் நடத்த வந்தபோது அரசு கதவுகளை அடைத்தது. கம்பி வேலி சாய்ந்து மோதல் மூண்டது. மீண்டும் அங்கேயே கூடுவோம் என்று தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் உறுதியாக நின்றார்கள். ராணுவமும் தயாராக இருந்தது. கழகத் தலைவர்களைச் சந்தித்த மில், இரண்டே சூழ்நிலைகளில்தான் இது நியாயமாகும் என்றார்: நாட்டுக்குப் புரட்சி தேவை என்று நீங்கள் கருத வேண்டும், அதை நடத்தி முடிக்க உங்களால் முடியும் என்றும் நம்ப வேண்டும். நீண்ட வாதத்திற்குப் பிறகு அவர்கள் இணங்கினார்கள். கூட்டம் இஸ்லிங்டனில் ஓர் அரங்கத்தில் நடந்தது. மில் அங்கே போய்ப் பேசினார். அடுத்த ஆண்டு பூங்காக்களில் கூட்டம் நடத்துவதைத் தடுக்கும் மசோதா வந்தபோது, கூட்டத்தொடர் முடியும்வரை பேசிப் பேசியே அதை இழுத்தடித்து வீழ்த்தியவர்களில் அவரும் ஒருவர்.

ஜமைக்கா ஆளுநர் அயர் மீதான வழக்கில் அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்?

1865 அக்டோபரில் ஜமைக்காவின் மொரான்ட் பே பகுதியில் கறுப்பின விவசாயிகளின் எழுச்சி ஒன்று வெடித்தது. ஆளுநர் எட்வர்ட் அயர் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். எழுச்சி அடங்கிய பிறகும் வாரக்கணக்கில் தண்டனைகள் தொடர்ந்தன. நானூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அறுநூறு பேர் அளவில் ஆண்களும் பெண்களும் சவுக்கடி பட்டார்கள். சுமார் ஆயிரம் வீடுகள் எரிக்கப்பட்டன. ஆளுநரைத் தொடர்ந்து விமரிசித்துவந்த சட்டசபை உறுப்பினர் ஜார்ஜ் வில்லியம் கார்டனை, ராணுவச் சட்டம் நடைமுறையில் இல்லாத கிங்ஸ்டனில் கைது செய்து, அது நடைமுறையில் இருந்த இடத்திற்குக் கப்பலில் கொண்டுபோய், ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தித் தூக்கிலிட்டார்கள்.

மில்லைப் பொறுத்தவரை இது கருணை சார்ந்த கேள்வி மட்டுமன்று. பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்டவர்கள் சட்டத்தால் ஆளப்படுகிறார்களா, அதிகாரியின் விருப்பத்தாலா என்பதே கேள்வி. அரசு வழக்குத் தொடுக்காவிட்டால் தனிமனிதர்களாகக் கொலைவழக்குத் தொடுப்பது என்று, அயரை நீதியின் முன் நிறுத்தக் கோரி லண்டனில் அமைந்த ஜமைக்கா குழு முடிவெடுத்தபோது, அதற்கு உடன்படாத தலைவர் சார்லஸ் பக்ஸ்டன் விலகினார்; 1866இல் மில் தலைமையை ஏற்றார். டார்வின், ஹக்ஸ்லி, ஸ்பென்சர் ஆகியோர் அவர் பக்கம் நின்றார்கள். கார்லைல், டிக்கன்ஸ், டென்னிசன், ரஸ்கின் ஆகியோர் அயருக்குப் பரிந்து நின்றார்கள். அக்கால அறிவுலகம் இவ்வளவு துலக்கமாக இரண்டாகப் பிளந்த வேறொரு சந்தர்ப்பத்தைக் காண்பது அரிது.

வழக்குகள் வெற்றி பெறவில்லை. தலைமை நீதிபதி காக்பர்ன் சட்டம் பற்றிய மில் தரப்பு நிலைப்பாட்டிற்கு வலுச்சேர்க்கும்படி விரிவாக விளக்கியும், கார்டனைத் தண்டித்த அதிகாரிகளை விசாரணைக்கு அனுப்ப நடுவர் குழு மறுத்துவிட்டது. 1868இல் அயர் மீதான குற்றச்சாட்டுக்கும் அதே கதிதான். மில்லுக்கு வசைக் கடிதங்களும் கேலிப்படங்களும் கொலை மிரட்டல்களும் வந்து குவிந்தன.

ஜமைக்கா மக்களுக்காகப் பேசியவர் இந்தியாவின் தன்னாட்சியை ஆதரித்தாரா?

இல்லை. இந்தியாவில் இதைப் படிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது, தாண்டிப் போகவும் கூடாது. 1858இல் கம்பெனி ஆட்சியைக் கலைக்கக் கூடாது என்று நாடாளுமன்றத்திற்கு அளிக்கப்பட்ட மனுவை வரைந்ததே மில்தான். முன்னேறாத சமூகங்களுக்கு, அவற்றின் மேம்பாட்டை நோக்கமாகக் கொண்ட எதேச்சாதிகாரம் முறையானது என்று வெளிப்படையாகவே எழுதியவர். ஆள்பவர் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று வற்புறுத்திய அவர், ஆளப்படுவோர் தம்மைத் தாமே ஆளத் தகுதி பெற்றுவிட்டார்களா என்று தீர்மானிக்கும் உரிமையை லண்டனிடமே விட்டுவைத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தொழிலாளியிடம் அவர் காட்டிய நம்பிக்கை நம் முன்னோர்களுக்குக் கிடைக்கவில்லை. அவரை மதிப்பவர்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மரண தண்டனையையும் வெளிப்படை வாக்குப்பதிவையும் ஆதரித்தார் என்கிறார்களே?

இரண்டும் சரி. 1868 ஏப்ரல் 21 அன்று, கொலைக்குற்றத்திற்கு மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று கில்பின் என்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தத்தை எதிர்த்து மில் பேசினார். வாழ்நாள் முழுவதும் கடும் உழைப்புச் சிறை என்பது பார்வைக்குத்தான் மென்மை, அனுபவிப்பவனுக்கு மரணத்தைவிடக் கொடியது என்பது அவர் வாதம். ரகசிய வாக்குப்பதிவையும் எதிர்த்தார்: வாக்கு என்பது பொதுமக்கள் சார்பில் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, ஆகவே பொதுமக்கள் கண்முன் செலுத்தப்பட வேண்டும் என்றார். நிலக்கிழாரின் குத்தகைதாரருக்கும் ஆலை முதலாளியின் கூலிக்காரருக்கும் இது எவ்வளவு ஆபத்தானது என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்றே நினைக்கிறேன். ரகசிய வாக்குப்பதிவுச் சட்டம் 1872இல் நிறைவேறியது.

1868இல் ஏன் தோற்றார்?

அந்தத் தேர்தலில் கிளாட்ஸ்டன் தலைமையில் லிபரல் கட்சி நாடெங்கும் பெருவெற்றி பெற்றது. வாக்காளர் எண்ணிக்கையும் 1867 சட்டத்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் மட்டும் ஸ்மித் 7,648 வாக்குகளுடன் முதலிடத்திலும், கிராஸ்வெனர் 6,584 வாக்குகளுடன் அடுத்தும் வந்தார்கள். மில்லுக்குக் கிடைத்தவை 6,284.

ஸ்மித் இம்முறை பெரும் செலவோடும் அமைப்போடும் களமிறங்கினார். அயர் விவகாரம் பல வாக்காளர்களைப் பகைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பேசப்பட்டது பத்து பவுண்டு நன்கொடை ஒன்று. நார்தாம்ப்டனில் போட்டியிட்ட சார்லஸ் பிராட்லா என்பவருக்கு, அவரைத் தொழிலாளர்கள் ஆதரித்தார்கள் என்பதாலும், அவர் திறமை உள்ளவர் என்பதாலும் மில் அந்தத் தொகையை அனுப்பினார். பிராட்லா அறிவிக்கப்பட்ட நாத்திகர். மில்லும் நாத்திகரே என்ற பிரசாரத்திற்கு அந்தப் பத்து பவுண்டு போதுமானதாயிற்று. தமக்காக ஒரு காசு செலவிடாதவர், தம் தோல்விக்கு வழிகோலும் என்று தெரிந்திருந்தும் பிறருடைய தேர்தலுக்குப் பணம் அனுப்பினார். அதற்காகப் பின்னர் வருந்தவும் இல்லை.

அவர் முன்வைத்தவற்றில் எவை பிற்காலத்தில் நடந்தன?

மணமான பெண்களின் சொத்துரிமைக்காக அவர் 1868இல் ஆதரித்த முயற்சி, குறைபட்ட வடிவில் 1870இல் சட்டமானது. லண்டன் முழுவதற்கும் ஒரே நகராட்சி அமைப்பு வேண்டும் என்று மசோதாக்கள் கொண்டுவந்தார். அத்தகைய மன்றம் 1889இல் செயல்படத் தொடங்கியது. முப்பது வயது கடந்த பெண்களுக்கு வாக்குரிமை 1918இலும், ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928இலும் வந்தன. வாக்குகளின் விகிதத்துக்கேற்ப இடங்கள் என்ற தாமஸ் ஹேரின் திட்டத்தை அவர் 1867 மே மாதம் முன்மொழிந்து பிறகு திரும்பப் பெற்றார். காமன்ஸ் சபைத் தேர்தலில் அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

தோல்விக்குப் பிறகு வேறு தொகுதியில் நின்றாரா?

மூன்று நான்கு இடங்களிலிருந்து அழைப்பு வந்தும் அவர் ஏற்கவில்லை. அவிஞ்ஞோனுக்குத் திரும்பி, முன்பே எழுதி வைத்திருந்த பெண்களின் அடிமைநிலை பற்றிய நூலை 1869இல் வெளியிட்டார். பெண்கள் வாக்குரிமைச் சங்கங்களின் கூட்டங்களில் தொடர்ந்து பேசினார்; நிலவுடைமைச் சீர்திருத்தத்திற்கென ஒரு சங்கத்தையும் உருவாக்கினார். 1873 மே 7 அன்று அவிஞ்ஞோனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டரில் அவரை வென்ற ஸ்மித், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கடற்படை அமைச்சரானார்.